தோல் பை தைக்க மிஷின் வாங்கும் முன், பையின் தடித்த இடத்தை அளந்து பாருங்கள்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தான். கையில் பாதி தைத்த தோல் பை. உடம்புப் பகுதி சுமாராக வந்திருந்தது, கைப்பிடி சேருகிற இடத்தில் மட்டும் ஊசி ஒரே இடத்தில் நாலைந்து தடவை குத்தி, தோல் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகிக் கிழிந்திருந்தது. "புது மிஷின்தான் அண்ணா, மோட்டாரும் நல்ல பவரு, ஆனா தோலை இழுக்கவே மாட்டேங்குது" என்றான். என்ன மிஷின் என்று கேட்டால், சட்டை தைக்கிற ஒற்றை ஊசி மிஷின். அதில் ஒரு கோளாறும் கிடையாது. சட்டைத் துணியை வைத்தால் பறக்கும். தோல் பைக்காகச் செய்த மிஷின் இல்லை, அவ்வளவுதான்.

பத்து வருஷத்துக்கு முன் நானும் முதலில் அதே மாதிரி மிஷினைத்தான் வாங்கினேன். விற்றவர் "பவர் மிஷின் தம்பி, செருப்புத் தோலையே தைக்கும்" என்று சொல்லி இரண்டு துண்டு ரெக்ஸினைத் தைத்துக் காட்டினார், அழகாகப் போனது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுத்தோல் நாலு மடிப்பை வைத்ததும் நின்றுவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ள அவர் ஒப்பவில்லை. கடைசியில் சுடிதார் தைக்கிற ஒரு அக்காவிடம் பாதி விலைக்குக் கொடுத்தேன், அந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட ஒரு வருஷம் ஆனது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் அது நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை வீட்டில்தான்

கடைக்குக் கிளம்பும் முன் நீங்கள் செய்யப்போகிற பையில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் செய்யவில்லை என்றால் அதே தோலில் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். அதில் எந்த இடம் ரொம்பத் தடிப்பு என்று பாருங்கள். பெரும்பாலும் கைப்பிடியோ தோள்பட்டையோ உடம்பில் சேருகிற இடமாகத்தான் இருக்கும். உதாரணத்துக்கு 1.4 மி.மீ. மாட்டுத்தோலில் ஒரு பை என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி இரண்டு மடிப்பு, அது 2.8. பையின் உடம்பு 1.4. உள்ளே தாங்கலுக்கு ஒரு ஒட்டுத் துண்டு 1.4. கேன்வாஸ் லைனிங் அரை மி.மீ. மொத்தம் 6.1 மி.மீ. நீங்கள் வாங்கும் மிஷின் தாண்ட வேண்டிய மேடு அதுதான். உடம்புத் தோல் 1.4 தானே என்று பார்த்து மிஷின் வாங்கினால், அந்தத் தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும்.

அதே போல மெல்லிய இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நம்ம மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு நல்ல பேர் உண்டு. ஆட்டுத் தோலில் பர்ஸ், சின்னப் பவுச் செய்கிறவர்கள் 0.7, 0.8 மி.மீ.யில் வேலை செய்வார்கள். அந்த வேலைக்கும் பெல்ட் வேலைக்கும் ஒரே மிஷின் போதுமா என்றால் போதாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தடித்த இடம் எத்தனை மி.மீ., மெல்லிய இடம் எத்தனை, என்ன நூல், தையல் நீளம் எவ்வளவு, பையை எந்தப் பக்கமிருந்து தைப்பீர்கள். கடைக்காரர் என்ன பேசினாலும் அந்தத் தாளைப் பார்த்துப் பேசுங்கள்.

இன்னொன்று. தடிப்பைக் கண்டு பயந்து பெரிய மிஷினுக்கு ஓடும் முன் ஓரம் சீவக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கைவிங் என்பார்கள். மடிக்கிற ஓரத்தை நல்ல கூர்மையான கத்தியால் பாதிக்குச் சீவிவிட்டால், மேலே சொன்ன 6.1 சுலபமாக நாலரைக்கு இறங்கிவிடும், பையும் பார்க்க முரட்டுத்தனமாக இருக்காது.

தோலை யார் நகர்த்துகிறார்கள்

மிஷின் வாங்குவதில் இதுதான் உயிர்நாடி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சட்டை மிஷினில் துணியை நகர்த்துவது கீழே இருக்கிற பல் மட்டும்தான். மேலே ஃபுட் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கும். துணிக்கு அது போதும். தோலின் மேல்முகம் வழுவழுப்பாகத் தெரிந்தாலும் இரும்பு ஃபுட்டில் பிடித்துக்கொள்ளும். கீழ்த் தோல் நகரும், மேல் தோல் பின்தங்கும். ஒரு முழம் தைத்து முடிக்கும்போது இரண்டு ஓரமும் அரை விரல் அளவுக்கு மாறி நிற்கும். டெஃப்லான் ஃபுட் போட்டால் ரெக்ஸினிலும் மெல்லிய தோலிலும் கொஞ்சம் தேறும், ரோலர் ஃபுட் போட்டால் இன்னும் கொஞ்சம். மேடு வந்தால் இரண்டுமே கைவிட்டுவிடும்.

அடுத்தது வாக்கிங் ஃபுட். இதில் மேல் ஃபுட் இரண்டாக இருக்கும், ஒன்று பிடித்துக்கொள்ள இன்னொன்று அடியெடுத்து வைத்து, கீழே பல் இழுக்கும்போது மேலேயும் இழுக்கும். அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது, காம்பவுண்ட் ஃபீட். யூனிசன் ஃபீட், ட்ரிபிள் ஃபீட் என்றும் சொல்வார்கள். இதில் ஊசி தோலுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும்போதே தோலோடு சேர்ந்து பின்னால் நகரும். ஊசி, உள் ஃபுட், பல் மூன்றும் ஒரே அடி. அத்தனை மடிப்பையும் ஊசி ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொண்டு போவதால் மேல் தோல் கீழ்த் தோல் என்று வித்தியாசம் வருவதில்லை. தோல் பைக்கு நான் இதைத்தான் சொல்வேன், வேறு யோசனையே வேண்டாம்.

கடைகளில் இரண்டையும் "வாக்கிங் ஃபுட்" என்றே சொல்லி விற்பது வழக்கம். கண்டுபிடிப்பது சுலபம். மோட்டாரை அணைத்துவிட்டு, தையல் நீளத்தைப் பெரிதாக வைத்து, கைச்சக்கரத்தை உங்கள் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி ப்ளேட் ஓட்டைக்குள் இறங்கும்போது தலையைக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். இறங்கிய ஊசி அப்படியே பின்னால் நகர்ந்து அப்புறம் மேலே ஏறினால் காம்பவுண்ட். நேராக இறங்கி நேராக ஏறினால் இல்லை. வீட்டு மிஷினில் மாட்டுகிற வாக்கிங் ஃபுட் அட்டாச்மென்ட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு சாமான்.

மேசை, கை, தூண்

மிஷினின் அடிப்பாகம் மூன்று விதம். தட்டையான ஃப்ளாட் பெட் நமக்குப் பழக்கமானது. சிலிண்டர் பெட்டில் சட்டைக் கை மாதிரி ஒரு உருளை நீட்டிக்கொண்டிருக்கும், பையை அதற்குள் மாட்டிச் சுற்றிச் சுற்றித் தைக்கலாம். போஸ்ட் பெட்டில் ஒரு தூண் நிற்கும், ஷூவின் மேல்பாகம் தைக்க உருவானது.

பையை உள்ளே வெளியே திருப்பிப் போட்டுத் தைத்து, கடைசியில் புரட்டி எடுக்கிற மாடல்தான் செய்வீர்கள் என்றால் ஃப்ளாட் பெட் போதும். ஆபீஸ் பை மாதிரி பெட்டி வடிவத்தில் பக்கப் பட்டை வைத்து, தையல் வெளியே தெரிகிற மாதிரி கடைசியாகச் சேர்ப்பீர்கள் என்றால் ஃப்ளாட் பெட்டில் பாடுபடுவீர்கள், மூலைக்கு வந்ததும் பையின் அடி மேசையில் முட்டும். அதற்குச் சிலிண்டர் பெட். சிலிண்டர் பெட்டுக்கு மேலே ஒரு பலகை மாட்டி ஃப்ளாட் ஆக்கிக்கொள்ள முடியும், ஃப்ளாட்டைச் சிலிண்டர் ஆக்க முடியாது. ஆனாலும் முதல் மிஷினுக்கு நான் ஃப்ளாட் பெட்டைத்தான் சொல்கிறேன். அகலமான மேசை இருந்தால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு நேர்கோடு சீக்கிரம் கைக்கு வரும், விலையும் குறைவு.

போஸ்ட் பெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகள் நிறைய, அங்கே பழைய போஸ்ட் பெட் மிஷின் விலைக்கு வரும். மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டு, பெரிய பையின் நீளத் தையலைத் தூணின் மேல் வைத்துச் சமாளிக்க முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாடல், நூல், ஊசி

ஜூக்கியின் டிஎன்யு-1541 இந்த வகைக்கு நல்ல அளவுகோல். காம்பவுண்ட் ஃபீட், ஃப்ளாட் பெட், தையல் நீளம் 9 மி.மீ. வரை, முழங்கால் லிவரால் ஃபுட்டை 16 மி.மீ. தூக்கலாம், கீழ் நூல் சுற்றுகிற பாபினும் பெரிது. பேரோடு எஸ் சேர்ந்து 1541எஸ் என்று வந்தால் சேஃப்டி கிளட்ச் உண்டு, ஏதாவது சிக்கினால், கீழே நூலைப் பிடித்து முடிச்சுப் போடுகிற ஹூக் உடையாமல் கழன்றுகொள்ளும். அதே வடிவத்தில் சீன மிஷின்கள் பல பேரில் வருகின்றன. அவற்றில் நல்லதும் உண்டு, ஸ்பேர் கிடைக்குமா, பக்கத்தில் மெக்கானிக் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட், சேணம், நாய்ப்பட்டை மாதிரி 8, 10 மி.மீ. வேலைக்கு 441 வகை என்று யானை மாதிரி ஒரு சிலிண்டர் மிஷின் இருக்கிறது. பெரிய மிஷின் எல்லாவற்றையும் தைக்கும் என்று நினைத்து முதலிலேயே அதற்குப் போகாதீர்கள். அதன் ஊசியும் நூலும் தடிப்பு, மெல்லிய ஆட்டுத் தோலை வைத்தால் ப்ளேட் ஓட்டைக்குள் அமுக்கிவிடும். பர்ஸும் பெல்ட்டும் ஒரே மிஷினில் ஓடாது என்று மேலே சொன்னது இதைத்தான். அந்தப் பக்கம், செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கும் கைமிஷின் ரிப்பேருக்கு அருமையான சாமான், ஃபுட்டை எந்தத் திசைக்கும் திருப்பலாம். ஆனால் பாபின் சின்னது, இழுவை குறைவு, தினம் பத்துப் பை தைக்க ஆகாது.

நூலுக்கு வருவோம். பாண்டட் நைலான் அல்லது பாண்டட் பாலியஸ்டர். வெயிலில் தொங்குகிற பைக்குப் பாலியஸ்டர் நல்லது, நைலான் வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். நூல் கண்டில் தடிப்பைக் காட்டப் போட்டிருக்கும் டிக்கெட் எண் கூடக் கூட நூல் மெல்லிசு, இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பர்ஸுக்கு 40, பைக்கு 30 அல்லது 20. டிக்கெட் 40-க்கு 18-ஆம் நம்பர் ஊசி, 30-க்கு 19 அல்லது 20, டிக்கெட் 20-க்கு 22. தையல் நீளம் பர்ஸுக்கு 3 மி.மீ., பைக்கு 4 முதல் 5. நெருக்கமாகத் தைத்தால் பலம் என்பது துணிக்குத்தான் சரி. தோலில் ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை, அது திரும்ப மூடாது.

ஊசியில் இரண்டு விஷயம். சட்டை மிஷினுக்கு டிபி×1 என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், காம்பவுண்ட் மிஷின்களுக்குப் பெரும்பாலும் 135×17, அதே அளவில் தோலுக்கு முனை வெட்டியது 135×16. ஊசி உடம்பின் நீளம் வேறு வேறு, மாற்றிப் போட்டால் தையல் விடும், இல்லாவிட்டால் ஹூக்கில் இடிக்கும். இரண்டாவது, தோல் ஊசியின் முனை கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகும். அதையே நைலான் பட்டைக்கும் கேன்வாஸுக்கும் போட்டால் இழையை அறுத்துவிடும். கேன்வாஸில் பை தைத்துத் தோல் கைப்பிடி மட்டும் வைக்கிறவர்கள் ஊசியை மாற்றச் சோம்பல் படக்கூடாது.

மோட்டார்: வேகம் உங்களுக்கு வேண்டாம்

1541 நிமிடத்துக்கு 2,500 தையல் வரை ஓடும். நொடிக்கு நாற்பதுக்கு மேல். நாலு மி.மீ. தையலில் கணக்குப் போட்டால் ஒரு நொடியில் 16 செ.மீ. ஓடிவிடும், பையின் மூலை அதுவரை காத்திருக்காது. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம், தோலில் ஓட்டை நின்றுவிடும். ஆகவே நமக்கு வேண்டியது ஒவ்வொரு தையலாக, பெடலைத் தொட்டால் ஒன்று, விட்டால் நின்று, அப்படி ஓடுகிற மோட்டார். சர்வோ மோட்டார் அதைச் செய்யும். பெடல் மிதித்தால்தான் சுற்றும், சத்தமில்லை, கரண்டும் மிச்சம். கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், மெதுவாக ஓட்டக் காலுக்குப் பல மாதப் பழக்கம் வேண்டும்.

பழைய மிஷினோடு கிளட்ச் மோட்டார்தான் வந்தது என்றால் புல்லியை மாற்றிப் பாருங்கள். மோட்டார் 1,440 சுற்று, மோட்டார் புல்லி 70 மி.மீ., மிஷின் சக்கரம் 90 மி.மீ. என்றால் மிஷின் 1,120 ஓடும். புல்லியை 45 ஆக்கினால் 720. வேகம் குறையும், குத்துகிற பலம் கூடும். பெல்ட்டும் அதற்குத் தகுந்தாற்போல் சின்னதாக வேண்டும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் வோல்டேஜ் பாருங்கள்: வீட்டில் சிங்கிள் பேஸ் 230 வோல்ட்தான் இருக்கும், ஃபேக்டரியிலிருந்து கழற்றிய மோட்டார் த்ரீ பேஸாக இருந்தால் அது உங்களுக்கு எடைக்குத்தான் போடலாம்.

கடையில் நிற்கும்போது

சேலத்துக் கடைகளில் ஒற்றை ஊசி, ஓவர்லாக் எல்லாம் தாராளமாகப் பார்க்கலாம். தோல் மிஷினை நாலைந்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு நாள் ஒதுக்கி ரயில் ஏறுங்கள். சென்னைக்குப் போகிற வண்டி ஜோலார்பேட்டை தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகத்தான் போகும். சென்னை என்றால் பெரியமேடு, சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பக்கம், தோலும் நூலும் பக்கிளும் அங்கேயே பார்த்துவிடலாம்.

கையோடு உங்கள் தோல், உங்கள் நூல், உங்கள் ஊசி. கடைக்காரர் வைத்திருக்கிற துண்டில் தைத்துக் காட்டினால் மரியாதையாகப் பார்த்துவிட்டு, உங்கள் துண்டை எடுத்து நீங்களே உட்காருங்கள். நான் செய்வது இதுதான்: இரண்டு மடிப்பில் ஆரம்பித்து நடுவில் ஆறு மடிப்பு மேடு வருகிற மாதிரி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு போவேன், சொல்யூஷன் வைத்து, இரண்டு விரல் அகலம். அதை மெதுவாக ஏற்றி இறக்குவேன். ஏறும்போது தையல் சிறுத்தால், ஃபுட் தூக்குவது போதவில்லை என்று அர்த்தம், அதற்கு ஒரு திருகு இருக்கும், கூட்டச் சொல்லுங்கள். கூட்டியும் சிறுத்தால் அந்த மிஷின் உங்கள் பைக்கு இல்லை. அப்புறம் துண்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து. கீழே நூல் வளையமாகத் தொங்கக்கூடாது, மேல் நூலும் கீழ் நூலும் சேருகிற முடிச்சு தோலின் நடுவில் மறைந்திருக்க வேண்டும். ஃபுட்டின் பல் தடம் தோலில் பதிந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். பதிந்தால் வழுவழுப்பான ஃபுட் தனியாகக் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு தேட வேண்டாம்.

பழைய மிஷின் என்றால் இன்னும் மூன்று சோதனை. நூல் கோர்க்காமல் ஒரு கெட்டித் தாளில் பத்துக் குத்து முன்னால் ஓட்டி, ரிவர்ஸ் லிவரை அழுத்தி அதே கோட்டில் பின்னால் வாருங்கள். ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் நல்ல மிஷின், முடிச்சுப் போடும் இடம் சுத்தமாக வரும். இரண்டாவது, ஊசிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. மூன்றாவது, ஹூக்கின் முனையில் கொஞ்சம் பஞ்சை வைத்து இழுங்கள். பஞ்சு சிக்கினால் முனையில் பிசிறு, அது நூலை அறுக்கும். பிசிறு மட்டும் என்றால் மெக்கானிக் தேய்த்துக் கொடுத்துவிடுவார், முனையே உடைந்திருந்தால் ஹூக் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது தலை (மேசை மேல் உட்காருகிற மிஷின் மட்டும்), மேசை, ஸ்டாண்ட், மோட்டார் நாலும் சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள். கையில் பணம் குறைவு என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் பற்றி விசாரியுங்கள், 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் கடன் ஒப்புதல் ஆகும் முன் மிஷினை வாங்கிவிடக் கூடாது, முதலில் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தலையை மேசையிலிருந்து கழற்றித் தனியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஏற்காட்டுக்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவில் ஏற வேண்டும், மேசையோடு நிற்க வைத்து டெம்போவில் ஏற்றினால் கீல் வளைந்துவிடும். கீழே பழைய மெத்தை போட்டுப் படுக்க வையுங்கள்.

எண்ணெய் தையல் மிஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் விடுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது நாளாக நாளாகப் பிசினாகி, குளிரில் உறைந்து மிஷினை இறுக்கிவிடும், மலை மேல் டிசம்பர் மாதத்தில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் விட்டதும் கழிவுத் துண்டில் ஒரு முழம் ஓட்டிவிட்டுத்தான் நல்ல தோலை வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தால் வெளிர் நிறத் தோலில் கறை போகாது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இன்னொன்றும் உண்டு. மழைக் காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், ராத்திரி மிஷினைப் பிளாஸ்டிக் தாளால் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று ஊசிக் கம்பியும் ப்ளேட்டும் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பருத்தித் துணி போட்டு மூட வேண்டும். தோலையும் சுவரில் சாய்த்து வைக்காமல், தரையில் படாமல், காற்றுப் போகிற மாதிரி சுருட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அவன் சட்டை மிஷினை விற்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், பைக்குள் லைனிங் தைக்க அதைவிட நல்லது கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆம்பூர் போகிறோம், ஆறு மடிப்புத் துண்டை அவனையே ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.